சுங்கை சிப்புட்டில் வீல் பேரிங் மாற்றப் போகிறீர்களா? பெட்டியைப் பார்ப்பதற்கு முன் பிரஸ்ஸைப் பாருங்கள்

மைவி, அக்சியா, சாகா. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிப்பாக வேலைக்கு வந்து நிற்கும் கார்களில் பெரும்பாலானவை இவைதான். புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: வேகம் ஐம்பது அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் ஊளைச் சத்தம், தோட்டச் சாலையில் இறங்கினால் கடகட. பட்டறைக்காரர் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, "அண்ணே, பேரிங் போச்சு" என்கிறார். சக்கரம் தடையின்றிச் சுழல உதவும், குண்டுகள் அடங்கிய இரும்பு வளையம்தான் பேரிங். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புதிதாகப் போட்ட பேரிங் மூன்றே மாதத்தில் மறுபடி ஊளையிட்டால் நம் ஆட்கள் உடனே பேரிங் வந்த பெட்டியைத் திட்டுகிறார்கள்: போலிச் சாமான், சீனச் சாமான், கடை முதலாளியான தவுக்கே ஏமாற்றிவிட்டார். இந்த மதிப்புரையின் முடிவை முன்பே சொல்லிவிடலாம். நல்ல பெட்டியும் மோசமான கையில் சீக்கிரம் சாகும். அதனால் கடையில் கிடைக்கும் பேரிங்குகளைப் பற்றிக் கொஞ்சமும், அவற்றை பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தால் பொருத்தும் வேலையைப் பற்றி நிறையவும் இங்கே.

முதலில் நம் சாலை. லிந்தாங் பக்கமோ லாசா பக்கமோ போகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தார் ஓரத்தைத் தின்றுவிடுகின்றன. எதிரே லாரி வந்தால் ஒதுங்கும் சிறிய காரின் இடது சக்கரங்கள் அந்த விளிம்பிலிருந்து பள்ளத்தில் விழுகின்றன. மழைக்காலத்தில் பள்ளத்தில் செம்மண் தண்ணீர். ஓடிச் சூடான பேரிங் திடீரென்று குளிர்ந்த நீரில் முங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் சீலின் உதட்டு வழியாக ஈரத்தை உறிஞ்சுகிறது. கிரீஸ் பால் நிறமாகிறது, குண்டுகள் ஓடும் தடத்தில் துரு பொட்டுப் பொட்டாக விழுகிறது, அதன் பிறகு சத்தம். கார் கழுவும் இடத்தில் உயரழுத்தக் குழாயை ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தின்) நடுவில் பிடிப்பதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது. செம்மண்ணைக் கழுவத்தான் வேண்டும், ஆனால் சக்கர நடுவை விட்டுவிட்டுக் கழுவுங்கள்.

இனி, சத்தம் பேரிங்குடையதுதானா? இதைப் பார்க்காமல் சாமான் வாங்குகிறவர்களே அதிகம். குலுங்கலை அடக்கும் அப்சார்பர் செத்த காரில் டயர் தரையில் துள்ளித் துள்ளி ஓடும், ரப்பர் மேடு பள்ளமாகத் தேயும். அந்த டயர் எழுப்பும் ஊளைக்கும் பேரிங் ஊளைக்கும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளங்கையை டயர்மேல் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பப் பல்லும் தட்டுப்பட்டால், முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினால் குற்றவாளி டயர். இடம் மாறாவிட்டால் பேரிங் பக்கம் திரும்பலாம்.

எந்தப் பக்கத்துப் பேரிங் என்பதற்கு, ஆளில்லாத நேர்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துக் கேளுங்கள். இடதுபுறம் திருப்பும்போது காரின் பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். வலதுபுறம் திருப்பும்போது கூடினால் இடது பேரிங். பிறகு காரைத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையைச் சுருள் ஸ்பிரிங்மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதைவிட விரல் நம்பகமானது.

ஆட்டிப் பார்க்கும் சோதனையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடிகாரத்தின் 12-உம் 6-உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பேரிங்காகவும் இருக்கலாம், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோவர் ஆர்மின் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, வெளியே மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும், பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளும் ஒன்றாகிவிடும். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். 3-உம் 9-உம் இருக்கும் இடத்தில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளான டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் விலை சொல்லும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சாமானுக்கு வருவோம். நகர உதிரிபாகக் கடைகளில் மேசைக்கு வருவது பொதுவாக மூன்று தரம். கார் நிறுவனத்தின் சொந்தப் பெட்டி ஒன்று. என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி போன்ற பேரிங் தயாரிப்பாளர்களின் பெட்டி இரண்டு. பெயரே கேள்விப்படாத பெட்டி மூன்று. முதல் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் இரும்பில் பெரிய பேதம் எதிர்பார்க்க வேண்டாம். கார் நிறுவனங்கள் பேரிங்கைப் பொதுவாகத் தாங்களே தயாரிப்பதில்லை, இத்தகைய நிறுவனங்களிடம்தான் வாங்குகின்றன. சொந்தப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெயருக்குத்தான். இரண்டாவது வகையே நம் பரிந்துரை. மூன்றாவது வகை பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அதன் குறை பெரும்பாலும் சீலிலும் கிரீஸிலும்தான். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு அது காலத்தை ஓட்டலாம். லிந்தாங் சாலைச் சேற்றுக்கு அந்தச் சீல் தாங்காது. வேலைக்கூலி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதை நினைத்தால், சாமானில் மிச்சம் பிடிப்பது இரண்டாம் முறை கூலி கொடுப்பதற்கான முன்பணம்.

பேர்பெற்ற பெட்டி என்பதாலேயே உள்ளே இருப்பது அசல் என்றும் ஆகிவிடாது. பெட்டிமேல் உள்ள எண்ணும் பேரிங் வளையத்தின் விளிம்பில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பொறிப்பு நகத்தால் சுரண்டினால் போகக்கூடாது. எஸ்கேஎஃப் நிறுவனத்துக்கும் உலக பேரிங் சங்கத்துக்கும் போலியைச் சரிபார்க்கக் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. கடை மேசையிலேயே படம் எடுத்துப் பாருங்கள், தவுக்கே முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

எண்ணைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். டிஏசி 34640037 என்று இருந்தால் உள்விட்டம் 34 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 64, அகலம் 37. பழைய பேரிங்கைக் கழற்றிய பிறகு அளந்து ஒப்பிட இந்த எண் போதும். மைவியில் 2005, 2011, 2017 என்று மூன்று தலைமுறை உண்டு, சாகாவிலும் 2008 உடலும் 2016 உடலும் வேறு. "மைவி பேரிங் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தால் பொருந்தாமல் திரும்பி நடக்க நேரும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் கடைக்காரர் மேல் அநியாயமாகச் சந்தேகம் வருகிறது. பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பேரிங்கைக் கையில் ஆட்டினால் உள்வளையங்கள் இரண்டும் லேசாக ஆடும். அது பழுதில்லை. இந்த வகைப் பேரிங்கில் உள்வளையம் இரண்டு துண்டு. எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவரும்போதுதான் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி, குண்டுகளுக்கு வேண்டிய முன்னழுத்தம் கிடைக்கும். அதனாலேயே அந்த நட்டை இறுக்காமல் காரைச் சக்கரத்தில் இறக்கித் தள்ளக்கூடாது. பட்டறைக்குள் பத்தடி நகர்த்தினாலும் பேரிங் கெடலாம்.

இப்போது பிரஸ். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம்.

முன் பேரிங் நக்கிளுக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருப்பது. அதைக் கழற்றவும் பொருத்தவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், 20 டன் பிரஸ் இருந்தால் வசதி. நக்கிளுக்குள் புதிதாக அழுத்தும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். அடுத்து ஹப்பை பேரிங்குக்குள் இறக்கும்போது, பின்பக்கத்தில் உள்வளையத்துக்குக் கீழே குழாய் முட்டுக் கொடுத்து, அழுத்தத்தை உள்வளையமே தாங்கும்படி செய்ய வேண்டும். இந்த இரண்டில் எதைத் தலைகீழாகச் செய்தாலும் டன் கணக்கான பாரம் குண்டுகள் வழியாகப் போகும். ஒவ்வொரு குண்டும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பதிக்கும். அன்றைக்கு வண்டி அமைதியாகத்தான் ஓடும். பிறகு அந்தப் பள்ளங்களிலிருந்து உரிய ஆரம்பித்து, சில வாரங்களில் ஊளை திரும்பிவிடும். பெட்டியைத் திட்டுகிறவர்களின் பேரிங் பலவும் இப்படிப் போனதுதான்.

நல்ல பட்டறையை அடையாளம் காண எளிய வழி, பிரஸ் பக்கத்தில் கிடக்கும் இரும்புத் துண்டுகளைப் பார்ப்பது. பழைய பேரிங்கின் வெளிவளையத்தை லேசாகத் தேய்த்துச் சிறிதாக்கி, பல அளவில் அடுக்கி வைத்திருப்பார்கள். புதிய பேரிங்கைச் சமமாக அழுத்த அதைவிட நல்ல கருவி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சாக்கெட்டும் சுத்தியலும் கிடந்தால் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விடலாம்.

வேலையின் மற்ற படிகளிலும் கண் இருக்கட்டும். பழைய ஹப்பைப் பிடுங்கும்போது உள்வளையத்தில் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கிரைண்டரால் பாதிக்கு மேல் வெட்டி, உளியால் பிளந்து எடுப்பார்கள். வெட்டுக்காயம் ஹப்பின் தண்டில் விழுந்தால் ஹப்பும் போயிற்று. நக்கிள் துளையை நயமான எமரித் தாளால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் புது சர்க்கிளிப் வளையம் அதன் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிரேக் கேலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் எண்ணெய் ஹோசில் தொங்கவிடக்கூடாது. டிரைவ் ஷாஃப்டையும் அப்படியே தொங்கவிட்டால் உள்பக்க ஜாயிண்ட் கழன்று வரக்கூடும்.

பழைய பேரிங் வெகுநாள் கெட்டே ஓடியிருந்தால் வெளிவளையம் நக்கிளுக்குள் சுழன்று துளையைப் பெரிதாக்கியிருக்கும். புதுப் பேரிங் கையால் தள்ளினாலே உள்ளே போய்விடும். அப்போது துளையின் சுவரில் 'பஞ்ச்' என்னும் கூர் இரும்புக் கருவியால் பொட்டுப் பொட்டாக அடித்து 'இறுக்கம்' உண்டாக்குகிறார்கள். அது இறுக்கம் இல்லை, ஒப்பனை. அந்த நக்கிளை மாற்றத்தான் வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காராக இருந்து, பேரிங்கின் சீலிலேயே காந்த வளையம் இருந்தால், அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு காகிதக் கிளிப்பைக் கிட்டக் கொண்டுபோங்கள், காந்தப் பக்கம் லேசாக இழுக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். மறுபடி பிடுங்கினால் அந்தப் பேரிங் குப்பைக்குத்தான், ஏனென்றால் பிடுங்கும்போது பாரம் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. அந்தச் செலவு யாருடையது என்பதை வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியில் டிரைவ் ஷாஃப்ட் நட். பெரும்பாலான சிறிய கார்களுக்கு இது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும், சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் உண்டு. ஏர் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கன் கொடுக்கும் இறுக்கம் கம்ப்ரெசரில் அன்றைக்கு இருக்கும் காற்றைப் பொறுத்தது. குறைந்தால் முன்னழுத்தம் போதாது, கூடினால் பேரிங் சூடாகும். பிரேக்கை மிதித்துக்கொண்டு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். விளிம்பைத் தட்டி மடக்கும் வகை நட்டாக இருந்தால் புது நட் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை இது. அரை மணியில் முடித்துக் கொடுப்பவரைத் திறமைசாலி என்று நினைக்காதீர்கள்.

நக்கிளோடு முழுசாக ஸ்கிராப் கடையில் வாங்கி மாட்டும் வழியும் உண்டு. பிரஸ் தேவையில்லை, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தப் பேரிங் எத்தனை வெள்ளத்தில் முங்கியதென்று யாருக்கும் தெரியாது. விபத்தில் சிக்கிய காரின் நக்கிள் கோணியிருந்தால் அலைன்மெண்டே வராது. துளை பெரிதான நக்கிளுக்கு மாற்றாக மட்டும், அதுவும் புதுப் பேரிங் போட்டுக்கொள்ள வாங்கலாம்.

சஸ்பென்ஷன் வேலையை அதே நாளில் சேர்த்துச் செய்வதில் ஒரு லாபம் உண்டு. பேரிங்குக்காகக் கழற்றும்போது லோவர் ஆர்ம், டை ராட், அப்சார்பர் போல்ட் எல்லாம் ஏற்கெனவே கழன்றிருக்கும். ஆனால் 'எல்லாத்தையும் மாத்திடலாம் அண்ணே' என்பதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. சின்ன மேட்டில் மெதுவாக ஏறும்போது வரும் 'டக் டக்' முக்கால்வாசி ஸ்டெபிலைசர் லிங்க், அது மலிவான சாமான், கால் மணி வேலை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்றால் அப்சார்பர் மேலுள்ள மவுண்டிங் பேரிங். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ மூக்கு அலைந்தாலோ லோவர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்.

அந்தப் புஷ் மாற்றும் வேலையில்தான் ஊர் முழுக்க ஒரே தவறு. கார் ஹோயிஸ்ட்டில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். ஆர்ம் கீழே தொங்கிய நிலையில் ரப்பர் பிடிக்கப்படுகிறது. காரை இறக்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு, சக்கரத்தில் பாரம் ஏறிய பிறகே முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்த பட்டறைக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்போம்.

அப்சார்பரில் காயாபாவும் உள்ளூர்த் தயாரிப்பான ஏபிஎம்மும் எளிதில் கிடைக்கின்றன, சாதாரண ஓட்டத்துக்கு இரண்டுமே போதும். சாயம் அடித்து எண்ணெய் மாற்றிய 'ரீகண்டிஷன்' அப்சார்பரைத் தொடவே வேண்டாம், தேய்ந்த வால்வு சாயத்தால் சரியாவதில்லை. தோட்டச் சாலைக்குக் கெட்டியான ஸ்போர்ட்ஸ் வகை நல்லது என்பதும் தவறான எண்ணம். கெட்டியான அப்சார்பர் பள்ளத்தின் அடியை நேராகப் பேரிங்குக்கும் மவுண்டிங்குக்கும் அனுப்பும். ஜோடியாக மாற்றுங்கள், பம்ப் ஸ்டாப்பையும் தூசி உறையையும் புதிதாகப் போடுங்கள். பொருத்துவதற்கு முன் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை அழுத்தி இழுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். தண்டைப் பிளையரால் பிடித்து மேல் நட்டை இறுக்கினால் அந்தக் கீறல் எண்ணெய்ச் சீலை அறுத்துவிடும்.

அப்சார்பரை நக்கிளோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரத்தின் சாய்வுக் கோணமான கேம்பர் மாறும். பழைய இடத்தைச் சாயத்தால் குறித்து வைத்தாலும் அலைன்மெண்ட் செய்துவிடுவதே சரி. விலைக்குறிப்பில் சாமான், பிரஸ் கூலி, அலைன்மெண்ட் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து. 'எல்லாம் சேர்ந்து இவ்வளவு' என்ற துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது. பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பகோம் போகிறவர்கள் அதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது, அங்கே அடிப்பாகமும் பார்க்கப்படும்.

நகரத்தில் இந்த வேலைக்கு இரண்டு வகைப் பட்டறை. எல்லா வேலையும் செய்யும் பட்டறைகளில் சில, பேரிங்கைக் கழற்றி பிரஸ் வைத்திருக்கும் வேறொரு கடைக்கு அனுப்புகின்றன. அதில் தப்பில்லை, ஆனால் கெட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். அடிப்பாக வேலை மட்டுமே செய்யும் கடையில் கூலி சற்றுக் கூடும், பிரஸ்ஸும் டார்க் ரெஞ்சும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். முன் பேரிங்குக்கு அந்தக் கடையே மேல். பேரிங்கும் ஹப்பும் ஒன்றாக வந்து போல்ட் போட்டு மாட்டும் ஹப் யூனிட் வகையாக இருந்தால் முதல் வகைப் பட்டறையே தாராளம்.

வண்டியை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். கூட்டரசுச் சாலையில் ஈப்போ பக்கமாக ஒரு 20 கிலோமீட்டர், 60 முதல் 90 வரை எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள். ஏபிஎஸ் விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். நிறுத்தியதும் புறங்கையை இரண்டு முன் சக்கர நடுவுக்கும் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். புதுப் பேரிங் போட்ட பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள். சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி. கழற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.